முஃப்லிஹ் தானம் பண்ணிய ஓவியம்

ஏலக்காய் போட்ட கசப்புக் காப்பியை எடுத்துக்கொண்டு ருதைனா விருந்தினர் அறை வாசலுக்கு வந்தபோது, அபூ நவ்வாஃப் பல்லிடுக்கில் மாட்டிய கறியை நாக்கால் துழாவிக்கொண்டே எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. வயிறு முட்டத் தின்ற மனுஷனின் கண் எங்காவது போய் விழ வேண்டுமே, அது அங்கே போய் விழுந்திருந்தது. அந்தச் சுவரில்தான் ருதைனாவின் ஓவியம் இருந்தது. இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம். மாதுளைச் சாற்றுச் சிவப்பு, அதற்கு அடியிலிருந்து கிளம்பும் மஞ்சள், நடுவில் நேராகவும் இல்லாமல் வளைவாகவும் இல்லாமல் ஓடும் ஒரு நீலம். மரம், மலை, குதிரை என்று கண்டுபிடிக்க அதில் ஒன்றும் கிடையாது.

"நல்ல கலரா இருக்கே," என்றார் அபூ நவ்வாஃப். "யாரு பண்ணது? கையில அல்லா பரக்கத்தக் குடுக்கட்டும்."

"நம்ம வீட்லதான்," என்றார் முஃப்லிஹ். பெண்டாட்டி என்ற வார்த்தை அந்நிய ஆம்பளைக்கு முன்னால் அவர் வாயில் வராது. "இனிமே அது உங்களுது."

இது அம்மானுக்குப் பக்கத்து ஸல்த் ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிற பேச்சு. கோட்டு நன்றாக இருக்கிறது என்றால் கோட்டு உங்களுடையது, காப்பிக் கூஜா அழகாக இருக்கிறது என்றால் கூஜா உங்களுடையது. சொன்னவர் கொடுக்கப் போவதில்லை, கேட்டவர் எடுக்கப் போவதில்லை. 'உடையவங்ககிட்ட இருந்தாத்தான் அதுக்கு அழகு' என்று ஒரு மறுமொழி இருக்கிறது, பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட அது தெரியும். அபூ நவ்வாஃப் அதைச் சரியாகச் சொன்னார். முஃப்லிஹ் "இல்ல இல்ல, எடுத்துக்கிட்டுத்தான் ஆகணும்" என்றார். அவர் மறுபடியும் "உங்க வீடு நெறஞ்சு இருக்கட்டும்" என்று கையை மார்பில் வைத்தார். அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ருதைனா தட்டோடு ஒரு அடி உள்ளேகூட வைத்துவிட்டாள். ஆனால் முஃப்லிஹுக்கு அன்றைக்கு நெஞ்சு நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த மகன் கஸ்ஸானுக்கு அகபா துறைமுகத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது அபூ நவ்வாஃப் சொன்ன ஒரு வார்த்தையால்தான். அந்த நன்றிக்கு ஒரு முழு ஆடும் அதன்மேல் கொதிக்கக் கொதிக்க ஊற்றிய தயிர்க்குழம்பும் போதவில்லை போலிருக்கிறது.

"என் பொண்டாட்டி மேல தலாக்," என்றார் முஃப்லிஹ், தொடையைத் தட்டிக்கொண்டு. "இத எடுக்காம நீங்க இந்த வாசப்படி தாண்டக் கூடாது."

கிழிந்தது. அந்த ஊர் ஆம்பளைகளுக்கு இது ஒரு வாய்ப் பழக்கம். டீக்கடையில் காசு யார் கொடுப்பது என்பதற்கே ஆளுக்கு ஒரு தரம் பெண்டாட்டியை விவாகரத்தின் விளிம்பில் நிறுத்திவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். ருதைனாவின் கல்யாணமும் எத்தனையோ முறை ஆட்டுத் தொடைக்கும் வண்டி வாடகைக்கும் பணயம் வைக்கப்பட்டிருக்கிறது. அவள் அதை ஒரு தும்மல் அளவுக்குக்கூட மதித்ததில்லை. ஆனால் சொல்லிவிட்டால் சொன்னதுதான். எதிராளி மறுத்தால் ஒரு குடும்பத்தைப் பிரித்த பாவம் அவன் கழுத்தில். அபூ நவ்வாஃபின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல இருந்தது. சத்தியமாக அவருக்கு அந்த ஓவியம் வேண்டாம். வாயில் காற்று இருந்தது, ஒரு நல்ல வார்த்தையாக வெளியே விட்டார், அவ்வளவுதான்.

ருதைனா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். தட்டில் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. "வை, வை, காப்பி ஆறுது," என்றார் முஃப்லிஹ்.

ஓவியம் கார் டிக்கியில் நுழையவில்லை. பின் இருக்கையில் சாய்த்து வைத்து, ஒரு மூலை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அபூ நவ்வாஃப் கழுத்தை ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு வண்டியை எடுத்தார். தெருத் திருப்பத்தில் அந்த நீட்டிய மூலை ஒரு சுவரில் உரசப் பார்த்தது. ருதைனா சமையலறை ஜன்னலில் நின்று அதையும் பார்த்தாள்.

"ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று பந்தியில் தாராளம் காட்டுகிறவர்களைச் சொல்வதுண்டு. இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையது, கையும் பெண்டாட்டியுடையது, தாராளம் மட்டும் புருஷனுடையது. கை கழுவ வந்தவரிடம் அவள் கேட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"விருந்தாளி முன்னாடி உன்ன கூப்பிட்டு உத்தரவு வாங்கவா?"

"உங்க கோட்ட குடுத்திருக்கலாம். உங்க வாப்பாவோட கத்தி தொங்குதே, அத குடுத்திருக்கலாம்."

"அவரு கத்தியையா புகழ்ந்தாரு?" முஃப்லிஹுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எப்போதும்போல மகன் பெயரை வைத்து அவளைக் கூப்பிட்டுச் சமாதானமாகச் சொன்னார். "உம்மு கஸ்ஸான், கை உன் கைதானே. இன்னொண்ணு வரஞ்சுக்க. பெரிய கேன்வாஸா நானே அம்மான் போயி வாங்கிட்டு வரேன்."

இன்னொண்ணு வரஞ்சுக்க. ரொட்டி தீர்ந்தால் இன்னொரு ரொட்டி சுடுகிற மாதிரி. அந்த வார்த்தைதான் ருதைனாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கத்தியிருந்தால்கூட ஆறியிருக்கும்; அவர் அன்பாகச் சொன்னார், அதுதான் எரிந்தது.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் காலமெல்லாம் உயிரியல் நடத்தியவள். தவளையின் இதயம், இலையின் குறுக்குவெட்டு, கண்ணின் பாகங்கள் என்று கரும்பலகையில் வண்ணச் சாக்கட்டியால் வரைந்து வரைந்து கை தேர்ந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அம்புக்குறி, அம்புக்குறி முனையில் ஒரு பெயர். சிவப்பென்றால் சுத்த ரத்தம், நீலமென்றால் அசுத்த ரத்தம். பள்ளியிலிருந்து விலகிய வருஷம் கடையில் சும்மா அக்ரிலிக் டப்பாக்களைப் பார்த்து வாங்கினாள். அந்த வீட்டில் மேற்குக் காற்று அடித்தால் பாலாட்டம் இருக்கிற வண்ணம் கலப்பதற்குள் காய்ந்து தோலாகிவிடும். இஸ்திரி போடும்போது துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற குப்பியை வைத்துப் பீய்ச்சிப் பீய்ச்சி வேலை செய்தாள். தூரிகை சரிப்படவில்லை என்று ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டி அதன் விளிம்பால் இழுத்தாள். எல்லாம் அசிங்கமாக வந்தது. மேலேயே இன்னொன்று பூசுவாள், அதுவும் அசிங்கம். எத்தனை தோல்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக அந்தக் கேன்வாஸில் கிடந்தன என்று அவளுக்கே தெரியாது. ஒரு மத்தியானம் சோறு அடிப்பிடிக்கிற வாசனை வந்தும் நகராமல் சிவப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். வலது பக்கம் ஒரு உள்ளங்கை அளவுக்கு அடியிலிருந்த பழைய மஞ்சள் கிளம்பிவந்தது. கிளம்பி வந்து அப்படியே நின்றது. ருதைனா மூடியைக் கீழே வைத்துவிட்டாள். இதற்கு அம்புக்குறி போட முடியாது, இதற்குப் பெயர் இல்லை, ஆனால் இது சரி. வாழ்க்கையில் ஒரு பொருளைப் பார்த்து 'இது சரி' என்று அவளுக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். அன்றைக்குக் கருகிய சோற்றை முஃப்லிஹ் வாய் திறக்காமல் தின்றார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் சொன்னபடியே அம்மானிலிருந்து கேன்வாஸ் வந்தது. முந்தினதைவிடப் பெரிசு. ருதைனா அதே டப்பாக்களைத் திறந்தாள், அதே மூடியை எடுத்தாள், அதே சிவப்பைப் பூசினாள். சுரண்டினால் அடியில் வெள்ளைதான் வந்தது. வராதா பின்னே, அடியில் ஒன்றுமே இல்லையே. முதலில் மஞ்சளைப் பூசிக் காயவைத்து அதன்மேல் சிவப்பைப் பூசிச் சுரண்டிப் பார்த்தாள். வந்தது, ஆனால் கேட்டு வாங்கிய சிரிப்பு மாதிரி வந்தது. பழைய சுவரில் ஓவியம் இருந்த இடம் மட்டும் புகை படாமல் வெளுப்பாகத் தெரிந்தது. முஃப்லிஹ் அதன்மேல் ஒரு கடிகாரத்தை மாட்டினார். கடிகாரம் சின்னது, வெளுப்பு பெரிசு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டு மீசை சீவிக்கொண்டிருக்கும்போது அவள் நேராகவே கேட்டாள். "அத திருப்பி வாங்கிட்டு வாங்க. அவரு எடுத்துட்டுப் போயிட்டாரு, உங்க சத்தியம் நெறவேறிடுச்சு. இனி அது திரும்பி வந்தா ஒரு குத்தமும் இல்ல."

"சத்தியத்துல குத்தமில்ல. மானம்னு ஒண்ணு இருக்கே. முஃப்லிஹ் குடுத்தத முஃப்லிஹே பிடுங்கிட்டான்னு ஊரு சிரிக்கும்."

"முஃப்லிஹ் என்னத்தக் குடுத்தாரு? முஃப்லிஹுக்கு அதுல என்ன இருந்துச்சு?"

"இதே பேச்சு எத்தன நாளைக்கு? போதும்." சீப்பை எறிந்துவிட்டுத் திரும்பினார். "அந்தப் படம் இந்த வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா உன் மேல தலா…"

நின்றுவிட்டார். வாய் பாதி திறந்தபடி இருந்தது. கண்ணாடியிலும் ஒரு முஃப்லிஹ் அதே மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

"ஏன் நிறுத்துனீங்க?" என்றாள் ருதைனா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "சொல்லி முடிங்க. சோத்துக்கெல்லாம் சொல்லுவீங்களே. இதுக்கு மட்டும் ஏன் முழுங்குறீங்க?"

அவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, வாசல் வரை போய், திரும்பிவந்து சரியாகப் போட்டுக்கொண்டு போனார். அந்த அரை வார்த்தை வீட்டுக்குள்ளேயே கிடந்தது. அதற்குப் பிறகு இருவரும் உப்பு, எண்ணெய் என்று தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள்.

அவளுக்கு யோசனை வந்தது அப்போதுதான். ஊர் வழக்கம்தானே அதை எடுத்துக்கொண்டு போனது, ஊர் வழக்கமே திருப்பித் தரட்டும். அபூ நவ்வாஃப் வீட்டுக்குப் போவது, சுவரில் இருக்கிற ஓவியத்தைப் புகழ்வது, அவர் பெண்டாட்டி 'உனக்கேதான்' என்பாள், சொல்லாமல் இருக்க முடியாது. அந்த இடத்தில் சொல்ல வேண்டிய மறுமொழியைச் சொல்லாமல் இருப்பது. அவ்வளவுதான். யோசிக்கவே காது சூடானது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு காரியத்தை யாரும் செய்து அவள் பார்த்ததில்லை. ஆனால் வெறும் சுவரையும் கடிகாரத்தையும் பார்த்துப் பார்த்து வெட்கம் தேய்ந்துபோயிருந்தது.

அபூ நவ்வாஃபின் பெண்டாட்டி உம்மு நவ்வாஃப் முட்டியில் அறுவை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். நோயாளியைப் பார்க்கப் போக யார் தடை சொல்வார்கள்? ருதைனா பக்லாவா இனிப்பு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு, இரண்டு தெரு மேலே, படிகள் ஏறிப் போனாள். அபூ நவ்வாஃப் வெளியே போயிருந்தார். உம்மு நவ்வாஃப் காலை ஒரு முக்காலியில் நீட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கனத்த, கலகலப்பான பெண்பிள்ளை; மருத்துவரைத் திட்டினாள், மருமகளைத் திட்டினாள், ருதைனாவின் கன்னத்தைப் பிடித்து இழுத்து முத்தம் வைத்தாள்.

"உன் படத்தப் பாரு," என்றாள் கையை நீட்டி. "இப்ப பாரு."

ருதைனா திரும்பினாள்.

சோபாவுக்கு மேலே, நல்ல வெளிச்சத்தில், நேராகத்தான் மாட்டியிருந்தார்கள். சிவப்பு இருந்தது. நீலம் இருந்தது. எல்லாவற்றின் குறுக்கேயும், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, பளபளவென்று தங்க நிறத்தில், கொழுத்த எழுத்தில், 'மாஷா அல்லாஹ்' என்று எழுதியிருந்தது.

"ஆரம்பத்துல ரொம்ப சங்கடம், பொய் சொல்ல மாட்டேன்," என்றாள் உம்மு நவ்வாஃப். "வர்றவளுங்க எல்லாம் இது என்ன, இது என்னன்னு உசுர எடுத்தாளுங்க. இவரக் கேட்டா 'அது ஒரு குடும்ப விஷயம்'ங்கறாரு. என்ன எழவு பதில் அது? என் அண்ணன் மகன் கடைக்கெல்லாம் போர்டு எழுதுறான்ல, அவனக் கூப்பிட்டு பரக்கத்தா நாலு எழுத்து எழுதுடான்னேன். சும்மா சொல்லக் கூடாது, கையப் பாரு அவனுக்கு. வலப்பக்கம் பெயிண்டு உரிஞ்சு கெடந்துச்சு பாத்தியா? வண்டியில ஏத்தும்போது ஒரசிடுச்சு போல. அந்த எடத்துல நல்லா அப்பி, அங்கேருந்தே முதல் எழுத்த ஆரம்பிச்சான். இப்ப உரிஞ்சதே தெரியல. இப்ப யாரும் கேள்வி கேக்குறதில்ல. பாத்த ஒடனே வாய் தானா மாஷா அல்லாங்குது."

ருதைனாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அந்தப் போர்டு எழுதுகிறவனின் கையை முறிக்க வேண்டும்போல இருந்தது. அந்த மஞ்சள் உரிந்தது இல்லை அக்கா, அது மட்டும்தான் நான் பண்ணியது, மீதியெல்லாம் அதற்காகப் பூசியது என்று சொல்ல வாயெடுத்தால் கண்ணீர்தான் முதலில் வரும் என்று தெரிந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். சுரண்டி எடுக்கலாமா? அல்லாஹ்வின் பெயரை எந்தக் கையால் சுரண்டுவது? மேலே பூசி மறைக்கலாமா? அதுவும் அதே பாவம்தான். யாரும் கெட்டது செய்யவில்லை. புருஷன் நன்றியால் கொடுத்தார், அபூ நவ்வாஃப் பயத்தால் வாங்கினார், இவள் பக்தியால் எழுதவைத்தாள். எல்லோரும் நல்லவர்களாக இருந்து அவளை இந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். யாரைத் திட்டுவது?

மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ருதைனா குடித்தாள். நாக்கு சுட்டது. முட்டியை இன்னும் ஒரு தரம் விசாரித்துவிட்டு எழுந்து போய்விடலாம். இந்த எழுத்தோடு இதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்யப் போகிறாள்? ஆனால் எழுந்து போனால் நாளைக்கு முஃப்லிஹ் 'பாத்தியா, இப்பதான் அது அழகா இருக்கு' என்பார். அதை அவர் அன்பாகத்தான் சொல்வார்.

"அழகா இருக்கு," என்றாள் ருதைனா.

"உனக்கேதான் தங்கம், எடுத்துக்க," என்றாள் உம்மு நவ்வாஃப், பக்லாவாவைக் கடித்துக்கொண்டே.

தெருவில் யாரோ எரிவாயு வண்டி மணி அடித்துக்கொண்டு போனார்கள். சொல்ல வேண்டிய மறுமொழி தொண்டைக்கு வந்து, பழக்கத்தால் நாக்கு நுனிக்கும் வந்துவிட்டது. ருதைனா அதைக் காப்பியோடு சேர்த்து விழுங்கினாள்.

"சரி அக்கா. குடுங்க, எடுத்துக்கறேன்."

உம்மு நவ்வாஃப் சிரித்தாள். பிறகு மெல்லுவதை நிறுத்தினாள். "நெசமாவா சொல்ற?"

"நெசமாத்தான்."

"அவரு வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"நீங்க குடுத்தீங்க, நான் வாங்கிட்டேன். அவரும் அப்படித்தானே வாங்குனாரு?"

உம்மு நவ்வாஃபின் முகம் சிவந்தது. கோபம்தான், ஆனாலும் அவள் ருதைனாவையே பார்த்தாள், பிறகு ஓவியத்தைப் பார்த்தாள், மறுபடியும் ருதைனாவின் கையைப் பார்த்தாள். 

"ஏண்டி," என்றாள் மெதுவாக. "இது உனக்கு வேணும்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"யாரு கேட்டாங்க அக்கா?"

 உம்மு நவ்வாஃப் முனகிக்கொண்டே நல்ல காலை ஊன்றி, சோபாவின் முதுகைப் பிடித்து எழுந்தாள். வேண்டாம் அக்கா, வேண்டாம் அக்கா என்று ருதைனா ஓடிவருவதற்குள் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டாள். "பேசாம இரு. அந்தப் பக்கம் தூக்கு," என்றாள். இரண்டு பெண்களுமாக அதை ஆணியிலிருந்து இறக்கினார்கள். தங்க எழுத்து கிட்டத்தில் இன்னும் தடிப்பாக இருந்தது. ஒரே ஒரு இடத்தில், முதல் எழுத்தின் கழுத்துக்குக் கீழே, ஒரு பருப்பளவு மஞ்சள் தப்பித்துக் கிடந்தது. "எழுத்தோடயேதான் கொண்டுபோகணும்," என்றாள் உம்மு நவ்வாஃப், கொஞ்சம் எச்சரிக்கையாக.

"எழுத்தோடயே வரட்டும்."

தெருவில் இறங்கியதும் காற்று பிடித்துக்கொண்டது. கேன்வாஸுக்குப் பின்னால் இருந்த குறுக்குச் சட்டத்தைத்தான் பிடிக்க முடிந்தது. அதனால் வண்ணம் ஊரைப் பார்த்தபடியும் அவள் முகம் வெறும் துணியைப் பார்த்தபடியும் படி இறங்கவேண்டி வந்தது. முன்னால் என்ன இருக்கிறது என்று பக்கவாட்டில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு, பக்கவாட்டிலேயே நடந்தாள். முக்காடு நழுவியது, சரிசெய்யக் கை இல்லை. ஒரு கிழவர் ஒதுங்கி நின்று "மாஷா அல்லாஹ்" என்றார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்பிள்ளைகள் கூட்டமாகப் படித்தார்கள், "மாஷா அல்லாஹ், டீச்சர்." அவள் திரும்பவில்லை. வீட்டுக்குப் போக டீக்கடையைத் தாண்டித்தான் ஆக வேண்டும், அந்த நேரத்தில் டீக்கடையில் யார் இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

இருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆம்பளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் தானாக நடந்துவருகிற அந்தச் சிவப்பையும் அதன்மேல் மின்னுகிற தங்கத்தையும் பார்த்துப் பேச்சு நின்றது. பிறகு ஒவ்வொரு வாயாக, படித்த வேகத்தில், மாஷா அல்லாஹ் என்றது. அதில் ஒரு குரல் முஃப்லிஹுடையது. சொல்லி முடித்த பிறகுதான் கேன்வாஸுக்குக் கீழே தெரிந்த அவள் செருப்பை அவர் பார்த்திருக்க வேண்டும்.

நாற்காலி பின்னால் விழுகிற சத்தம் கேட்டது. ருதைனா ஓரமாக எட்டிப் பார்த்தாள். முஃப்லிஹ் கடைப் படியிலிருந்து தெருவில் இறங்கிவிட்டிருந்தார். வாய் திறந்திருந்தது. இரண்டு கையும் பாதி நீண்டிருந்தன. தடுக்கவா, ஒரு பக்கத்தைத் தாங்கிப் பிடிக்கவா என்று அந்தக் கைகளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. காற்று மறுபடி அடித்துக் கேன்வாஸ் அவள் நெஞ்சோடு அழுந்தியது. ருதைனா பிடியை இறுக்கிக்கொண்டு அவரை நோக்கி நடந்தாள்.